வேலி வெட்டக் கொடுக்கும் முன் ஒரு எச்சரிக்கை: மார்ச் 1 முதல் செப்டம்பர் 30 வரை

ஜெர்மனியில் தோட்டத்தோடு வீடு வைத்திருக்கும் நம்மவர்களுக்காக இதை எழுதுகிறேன். வசந்தம் பிறந்தால் போதும், தபால் பெட்டியில் தோட்ட வேலைக்காரர்களின் நோட்டீஸ் குவியும். அப்படி வந்த ஒரு நிறுவனம் என் வேலியையும் அழித்து, என்னை அரசு அலுவலகத்துக்கு விளக்கக் கடிதம் எழுதவும் வைத்துவிட்டது.

எங்கள் வீட்டுக்கு ஆள் உயரத்துக்கும் மேலான துயா வேலி (எப்போதும் பசுமையாக இருக்கும் துயா செடிகளை நெருக்கமாக நட்டு வளர்த்த வேலி). நடைபாதைப் பக்கம் நீட்டிக்கொண்டிருந்த புதுத் தளிரை மட்டும் சீராக்கித் தரும்படி மின்னஞ்சலில் தெளிவாக எழுதினேன். 280 யூரோ என்றார்கள், பாதியை முன்பணமாக வாங்கிக்கொண்டார்கள். மே மாதம், நான் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் வந்து, வேலியை இடுப்பளவுக்கு வெட்டித் தள்ளிவிட்டார்கள். பக்கங்களில் ஒரு பச்சை இலை இல்லை, வெறும் பழுப்புக் கட்டைதான். பில் 690 யூரோ! ‘கூடுதல் வேலை’, ‘கழிவு அகற்றல்’ என்று இரண்டு வரி சேர்த்திருந்தார்கள்.

ஒரு கிளைக் கவட்டில் ஆம்சல் என்ற கரும்பறவையின் கூடு திறந்து கிடந்தது. புல்லாலும் சேற்றாலும் கட்டிய கிண்ணம். அதில் பழுப்புப் புள்ளி போட்ட நீலப்பச்சை முட்டைகள். ஒன்று கீழே உடைந்து கிடந்தது. தாய்ப் பறவை அப்புறம் அந்தக் கூட்டுக்குத் திரும்பவே இல்லை. பணத்தைவிட எனக்கு இதுதான் பெரிய வலி.

மார்ச் முதல் செப்டம்பர் வரை வேலியை இப்படி வெட்டத் தடை இருக்கிறதே என்று போனில் கேட்டதற்கு அந்த நிறுவனத்து ஆள் கொஞ்சமும் தயங்காமல், “தனியார் தோட்டத்துக்குள் இருந்தால் அந்தத் தடை பொருந்தாது” என்றார். இது பச்சைப் பொய். பலரும் இதை நம்பிவிடுகிறார்கள், அதனால் விவரமாகச் சொல்கிறேன். கூட்டாட்சி இயற்கைப் பாதுகாப்புச் சட்டத்தின் 39ஆவது பிரிவில், தோட்டத்தில் நிற்கும் மரங்களுக்குத்தான் அந்த விலக்கு. (அதற்கும் உங்கள் நகராட்சியில் தனி மரப் பாதுகாப்பு விதி இருக்கலாம்.) வேலி, புதர், உயிர்வேலி எல்லாவற்றையும் மார்ச் 1 முதல் செப்டம்பர் 30 வரை அடியோடு வெட்டவோ அகற்றவோ கூடாது, சொந்தத் தோட்டமாக இருந்தாலும் சரி. அந்த வருடம் வளர்ந்ததை மட்டும் மென்மையாக வெட்டிச் சீராக்கலாம். பழைய கட்டைக்குள் கத்தி போனால் அது பராமரிப்பு இல்லை. மீறினால் அபராதம் 10,000 யூரோ வரை போகும். இது போக, குஞ்சோ முட்டையோ இருக்கும் கூட்டைச் சிதைப்பது வருடம் முழுவதும் குற்றம். அதனால் அனுமதிக்கப்பட்ட வெட்டுக்குக்கூட, முதலில் உள்ளே கூடு இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும்.

பக்கத்து வீட்டு அம்மா படம் எடுத்துப் புகார் கொடுத்துவிட்டார். அவர் மேல் எனக்குக் கோபமே இல்லை, அவர் செய்ததுதான் நியாயம். மாவட்ட இயற்கைப் பாதுகாப்பு அலுவலகத்திலிருந்து கடிதம் என் பெயருக்கு வந்தது, ஏனென்றால் வேலை கொடுத்தவர் நான். அந்த ஒரு மின்னஞ்சல்தான் காப்பாற்றியது. நான் கேட்டது தளிர் வெட்டு மட்டுமே என்று அதில் இருந்ததால் என்னை விட்டுவிட்டார்கள்.

ஆகவே வாய்ச்சொல்லில் வேலை கொடுக்காதீர்கள். ‘ப்ஃளேகெஷ்னிட் (பராமரிப்பு வெட்டு) மட்டும்’ என்று எழுதி, எவ்வளவு வெட்ட வேண்டும் என்பதையும் குறிப்பிட்டு வாங்குங்கள். ரொக்கம் கேட்டால் அந்த ஆளே வேண்டாம். பில்லும் வங்கிப் பரிமாற்றமும் இருந்தால், கூலியில் 20 சதவீதத்தை வருமான வரியில் கழிக்கலாம். ரொக்கமாகக் கொடுத்தால் அதுவும் கிடைக்காது.

துயா வைத்திருப்பவர்கள் கூடுதல் கவனமாக இருங்கள். லிகுஸ்டர், ஹைன்பூகே போன்ற மற்ற வேலிச் செடிகள் கட்டையிலிருந்தும் துளிர்த்துவிடும். துயா பழைய கட்டையிலிருந்து துளிர்ப்பதில்லை. என் வேலி இனி பச்சையாகாது, அதைப் பிடுங்குவதற்கும் அக்டோபர் வரை காத்திருக்க வேண்டும். மீதிப் பணம் கேட்டு அவர்கள் இன்னும் கடிதம் அனுப்புகிறார்கள். நுகர்வோர் ஆலோசனை மையத்தில் காட்டி, எழுத்தில் மறுத்துவிட்டேன். உங்களுக்கும் இப்போது யாராவது மலிவாக விலை சொல்லியிருந்தால், கையெழுத்துப் போடும் முன் உங்கள் ஊர் இயற்கைப் பாதுகாப்பு அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.