பெயரில்லாத டப்பாவில் வந்த சோரியாசிஸ் களிம்பு: ஓர் எச்சரிக்கை

"பக்கவிளைவே கிடையாது, ஸ்டீராய்டு இல்லை, சுத்தமான மூலிகை" என்று சொல்லி விற்ற ஒரு களிம்பை சோரியாசிஸ் நோயாளி ஒருவர் வருடக்கணக்கில் பூசி வந்தார். முழங்கையிலும் முதுகிலும் இருந்த தடிப்புகள் ஒரு வாரத்திலேயே அமுங்கிவிட்டன. கணுக்காலுக்கு மேலே இருந்த ஒரு திட்டு மட்டும் அடங்கவில்லை. விற்றவரிடம் கேட்டதற்கு, "உள்ளே இருக்கிற நஞ்சு வெளியேறுகிறது, இன்னும் கெட்டியாகப் பூசி வெயிலில் காட்டுங்கள்" என்று பதில் வந்தது. கடைசியில் ஒரு தோல் மருத்துவர் அந்தத் திட்டில் பயாப்சி எடுத்தார், அதாவது சிறு துணுக்கை வெட்டிச் சோதனைக்கு அனுப்பினார். வந்த முடிவு போவன் நோய். தோலின் மேலடுக்கைத் தாண்டாமல் நிற்கும் ஆரம்பநிலைப் புற்றுநோய் அது.

அந்தக் களிம்புதான் புற்றுநோயை உண்டாக்கியது என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது. போவன் நோய்க்கு நீண்டகால வெயில், ஆர்சனிக், நோய் எதிர்ப்புச் சக்திக் குறைவு என்று பல காரணங்கள் உண்டு. ஆனால் நேரத்தோடு கண்டுபிடித்திருக்க வேண்டிய ஒன்றை இவ்வளவு காலம் மூடிவைத்தது அந்த டப்பாதான். ஏமாற்று நடந்த இடம் அதுவே.

டப்பாவைப் பார்த்தால் பாதி விஷயம் புரிந்துவிடும். கரும்பழுப்பு நிறம், மூடியைத் திறந்ததும் தார் வாடை. மருந்தின் பெயர் இல்லை, எத்தனை சதவீதம் என்று இல்லை, தொகுதி எண்ணோ காலாவதித் தேதியோ தயாரித்தவர் முகவரியோ இல்லை. பூசுவதை நிறுத்திய சில நாட்களில் உடம்பு முழுக்கச் சிவந்து எரிந்திருக்கிறது. 'மூலிகை' களிம்பு ஒரு வாரத்தில் தடிப்பை அமுக்கி, நிறுத்தியதும் நோய் முன்பைவிட மோசமாகத் திரும்பினால், உள்ளே வீரியமான ஸ்டீராய்டு கலந்திருக்கிறது என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். க்ளோபெட்டசால் 0.05% போன்ற வீரியமான ஸ்டீராய்டைத் தொடர்ச்சியாக இரண்டு வாரத்துக்கு மேல் பூசக்கூடாது, வாரத்துக்கு 50 கிராமைத் தாண்டக்கூடாது என்பது வழக்கமான வரம்பு. பெயரே தெரியாத களிம்பை எந்த வரம்புக்குள் வைப்பது? தோல் மெலிந்து ரத்தக்குழாய்கள் வெளியே தெரிவது ஒரு பக்கம். சிவப்பையும் அரிப்பையும் ஸ்டீராய்டு குறைத்துவிடுவதால் கீழே வளரும் கட்டி சாதாரணப் படை மாதிரியே தோற்றம் காட்டுவது அதைவிடப் பெரிய ஆபத்து.

இப்படி விற்பவர்களின் உத்தி பயமுறுத்தல். எக்ஸிமாவுக்கு மருத்துவர்கள் தரும் ஸ்டீராய்டு அல்லாத களிம்பு டாக்ரோலிமஸ். "டாக்ரோலிமஸ் அட்டையைப் பாருங்கள், புற்றுநோய் என்று கட்டம் கட்டிப் போட்டிருக்கிறான்" என்பார்கள். அது உண்மைதான். டாக்ரோலிமஸ், பிமெக்ரோலிமஸ் களிம்புகளில் அப்படியொரு எச்சரிக்கையைப் போடச்சொல்லி அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2006-இல் உத்தரவிட்டது. விலங்குகளுக்கு அதிக அளவில் கொடுத்த சோதனைகள், உறுப்பு மாற்று செய்துகொண்டவர்கள் இதே வகை மருந்தை வாய்வழி உட்கொள்வதால் வரும் ஆபத்து, களிம்பு பூசியவர்களிடம் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பதிவான புற்றுநோய்கள் ஆகியவை அதற்கு அடிப்படை. பிறகு வந்த பெரிய ஆய்வுகளில் தோல் புற்றுநோய் கூடியதாகத் தெளிவான சான்று கிடைக்கவில்லை. லிம்போமா என்ற நிணநீர் மண்டலப் புற்றுநோயைப் பொறுத்தவரை சில ஆய்வுகள் சிறு கூடுதலைக் காட்டின. தனி ஒருவருக்கு அது வரும் வாய்ப்பு மிகக் குறைவு. ஆகவே இதைப் பூசுபவர் பதறி நிறுத்த வேண்டியதில்லை. மெல்லிசாகப் பூசுங்கள், மேலே பிளாஸ்டிக் சுற்றாதீர்கள், கிருமி தொற்றிய புண்ணில் தடவாதீர்கள், பூசிய இடத்தில் வெயில் படாமல் பாருங்கள். 2 முதல் 15 வயது வரை 0.03% தான், 0.1% பெரியவர்களுக்கு. முதல் சில நாட்கள் எரியும், அது எதிர்பார்த்ததே.

தார் விஷயம் இன்னும் பழையது. 1915-இல் ஜப்பானில் யமகிவாவும் இச்சிகாவாவும் முயல் காதில் திரும்பத் திரும்ப நிலக்கரித் தார் தடவிப் புற்றுநோயை உண்டாக்கிக் காட்டினார்கள். தாரில் உள்ள பென்சோபைரீன் போன்ற பொருட்களே காரணம். தாரோடு வேலை செய்யும் தொழிலாளர்களுக்கு ஆபத்து உறுதியானது. ஆனால் சோரியாசிஸுக்கும் எக்ஸிமாவுக்கும் மருந்தாகப் பூசியவர்களைப் பற்றி நெதர்லாந்தில் 13,200 பேரை வைத்துச் செய்து 2010-இல் வெளியான ஆய்வில் புற்றுநோய் கூடவில்லை. அளவு தெரிந்த தார் மருந்தைப் பற்றிய செய்தி அது. டப்பாவில் அடைத்த கச்சாத் தாருக்குப் பொருந்தாது. நல்ல தார் மருந்தைப் பூசினாலும் 24 மணி நேரம் வரை தோல் வெயிலில் சுலபமாகக் கருகும். பிறப்புறுப்பிலும் தொடை இடுக்கிலும் பூசவே கூடாது.

"வெயிலில் காட்டுங்கள்" என்ற அறிவுரைதான் உண்மையிலேயே கோபம் வரவைக்கிறது. தார் பூசிய தோலைப் பற்றி மேலே சொன்னதே அதற்குப் போதும். வெண்புள்ளிக்குத் தரும் கார்போகரிசி எண்ணெயும் அப்படித்தான், தோலை வெயிலில் சுலபமாகக் கருகவைக்கும் சோரலன் என்ற பொருள் அதில் உண்டு. அதைத் தடவிக்கொண்டு வெயிலில் நின்றால் கொப்புளம் போட்டுவிடும். மருத்துவமனையில் சோரலனோடு புற ஊதா ஒளி கொடுக்கும்போது எத்தனை ஜூல் என்று இயந்திரம் அளக்கிறது, ஆண்களுக்குப் பிறப்புறுப்பை மறைக்கிறார்கள், மொத்தம் எத்தனை அமர்வு என்று எழுதி வைக்கிறார்கள். அமர்வுகள் நூற்றுக்கணக்கில் ஏறும்போது செதிள் உயிரணுப் புற்றுநோயின் ஆபத்து கூடுவது நிரூபணமான விஷயம். வெயிலை அளக்க யாரிடமும் கருவி இல்லை. முன்பு இந்த ஒளிச் சிகிச்சை எடுத்தவர்கள், நோய் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் சைக்ளோஸ்போரின் மருந்தைத் தொடங்கும் முன் அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். இரண்டும் சேர்ந்தால் ஆபத்து இன்னும் ஏறும்.

எந்தத் திட்டைச் சந்தேகப்பட வேண்டும்? மற்ற தடிப்புகள் எல்லாம் அடங்கும்போது தனியாக நின்று அடங்காத ஒன்றை. ஓரம் தெளிவாக, மெல்ல மெல்ல அகலமாகிக்கொண்டு, பொருக்கு எடுத்தால் கசிகிற அல்லது ரத்தம் வருகிற இடத்தை. நடுவில் கெட்டியாக முண்டு எழும்பினால் தள்ளிப்போடவே கூடாது. சரியான களிம்பை முறையாகப் பூசியும் ஆறு, எட்டு வாரத்தில் அசையாத திட்டுக்கு களிம்பை மாற்றிக்கொண்டே போகாமல் பயாப்சி கேளுங்கள். மரத்துப்போக ஊசி போட்டு 3 அல்லது 4 மில்லிமீட்டர் துணுக்கு எடுப்பார்கள், ஒன்றிரண்டு தையல், அவ்வளவே. என்ன பூசினீர்கள் என்பதை மறைக்காதீர்கள். ஸ்டீராய்டு பூசிய தோலில் மைக்கோசிஸ் ஃபங்காய்டிஸ் என்ற தோல் லிம்போமா நுண்ணோக்கியில் பிடிபடாமல் போகலாம். அதனால் சில வாரம் களிம்பை நிறுத்திவிட்டு எடுப்பதும், ஒரு தடவையில் தெரியாவிட்டால் மறுபடி எடுப்பதும் வழக்கம்.

பயத்தில் மருந்தை நிறுத்துவதும் ஆபத்தாகும் நோய் ஒன்று உண்டு. பெண்களின் பிறப்புறுப்பில் வெளுத்துச் சுருங்கும் லைக்கன் ஸ்க்ளிரோசஸைக் கவனிக்காமல் விட்டால் சிலருக்கு அங்கே புற்றுநோய் வருகிறது. மருத்துவர் சொன்னபடி க்ளோபெட்டசாலைத் தொடர்ந்து பூசுபவர்களுக்கு அந்த ஆபத்து குறைகிறது. அங்கே களிம்புதான் பாதுகாப்பு.

இப்படியொரு பெயரில்லாத டப்பா உங்களிடம் இருந்தால் தூக்கி எறியாதீர்கள். மூடியை இறுக்கி, எப்போது வாங்கினீர்கள், எங்கெங்கே எவ்வளவு காலம் பூசினீர்கள் என்று ஒரு தாளில் எழுதி அதோடு கட்டி, பணம் கட்டிய ரசீதையும் சேர்த்துத் தோல் மருத்துவரிடம் கொடுங்கள். நீண்டகாலம் உடம்பு முழுக்கப் பூசியிருந்தால் சட்டென்று நிறுத்தும் முன்பே அவரைப் பார்த்துவிடுங்கள். மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகளிடம் புகார் கொடுக்கும்போது ஆய்வகச் சோதனைக்கு மிச்சமிருக்கும் அந்தக் களிம்புதான் கைவசம் உள்ள ஆதாரம்.