நிக்கான் டி3500-ஆ, இசட்50-ஆ?

நிக்கானின் இந்த இரண்டு கேமராக்களில் எதை வாங்கலாம்? படத்தின் தரத்தை மட்டும் பார்த்தால் இந்த ஒப்பீடு சீக்கிரமே முடிந்துவிடும். 2018-இல் வந்த டி3500-இல் 24 மெகாபிக்சல், மறு ஆண்டு வந்த இசட்50-இல் 21-க்குச் சற்றுக் குறைவு. அச்செடுத்துப் பக்கத்தில் வைத்தாலும் எது எதில் எடுத்தது என்று சொல்வது கடினம்.

வேறுபாடு ஃபோகஸில்தான். டி3500-இன் வியூஃபைண்டரில் (கண் வைத்துப் பார்க்கும் இடம்) ஃபோகஸ் செய்யக்கூடிய 11 புள்ளிகள், அதுவும் நடுப்பகுதியில். ஓடும் குழந்தை ஓரத்துக்குப் போனால் அவ்வளவுதான். இசட்50-இல் 209 புள்ளிகள். எதிரில் இருப்பவரின் கண்ணைத் தானே கண்டுபிடிக்கும். வெளிச்சம் கூடுதலா குறைவா என்பதும் கிளிக் செய்யும் முன்பே வியூஃபைண்டரில் தெரிந்துவிடும். கற்றுக்கொள்பவருக்கு இதைவிட நல்ல வாத்தியார் இல்லை. (பழைய ஆட்கள் இதை ஏமாற்று வேலை என்பார்கள். நான் அந்தக் கட்சி இல்லை.) வீடியோவில் 4கே இசட்50-க்கு மட்டும்.

பேட்டரி? டி3500 ஒரு சார்ஜில் 1,550 படம் வரை தாங்கும், இசட்50 சுமார் 300. பயணம் போகிறவர் உபரி பேட்டரி வாங்கியே ஆக வேண்டும்.

டி3500 போன்ற கேமராக்களுக்கான ஏஎஃப்-எஸ், ஏஎஃப்-பி வகை நிக்கான் லென்ஸ்கள் ஏற்கெனவே கையில் இருந்தால் எஃப்டிஇசட் அடாப்டர் போட்டு இசட்50-இலும் ஆட்டோஃபோகஸோடு பயன்படுத்தலாம். புதிதாகத் தொடங்குபவர் என்றால் நான் இசட்50 பக்கம். பழையது பாதி விலைக்குக் கிடைத்து, எடுப்பதும் நிலக்காட்சி மட்டுமே என்றால் டி3500 போதும்.