காரைக்குடியில் நாங்கள் போன குழந்தைப்பேறு மருத்துவமனை: நாள் குறிப்பதில் நிதானம்

கல்யாணமாகி ஏழு வருடம். முதல் ஐவிஎஃப் (முட்டையை வெளியே எடுத்து, ஆய்வகத்தில் கருவாக்கி, கர்ப்பப்பையில் வைக்கும் சிகிச்சை) வேறு ஊரில் செய்தோம், மருத்துவமனை பெயர் வேண்டாம். முட்டை எடுத்த மூன்றாம் நாளே கருவை வைத்து அனுப்பிவிட்டார்கள். மூன்றாம் நாள் வைப்பது தப்பில்லை, கரு குறைவாக இருந்தால் அப்படிச் செய்வதுண்டு, ஆனால் எங்களுக்கு ஏன் அப்படி என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. அது தங்கவில்லை.

இங்கே நேர்மாறு. முட்டை எடுப்பதற்கு முன் அதை முதிரவைக்கப் போடும் ட்ரிகர் ஊசிக்கு முன்னால் எடுத்த ரத்தப் பரிசோதனையில், கர்ப்பப்பையைக் கருவுக்குத் தயார்செய்யும் புரோஜெஸ்டிரோன் ஹார்மோன் முன்கூட்டியே ஏறியிருந்தது. அது ஏறிவிட்டால் கர்ப்பப்பை கருவுக்கு முன்னால் ஓடிவிடும், இரண்டும் ஒரே வயதில் சந்திக்க வேண்டும் என்று டாக்டர் படம் போட்டே காட்டினார். அதனால் கருக்களை ஐந்து நாள் வளர்த்து உறையவைத்தார்கள். அடுத்த மாதம் லைனிங், அதாவது கர்ப்பப்பையின் உட்சுவர், 6 மி.மீ. தாண்டவில்லை; குறைந்தது 7 மி.மீ. வேண்டும் என்று அந்த மாதம் கரு வைப்பதையே நிறுத்திவிட்டார். அன்றைக்கு நான் அழுதுகொண்டேதான் வீட்டுக்கு வந்தேன். இப்போது நினைத்தால், அவர் செய்த பெரிய உதவியே அதுதான்.

அதற்கடுத்த மாதம் 8.5 மி.மீ., மூன்று அடுக்கும் தெளிவாகத் தெரிந்தது. என் மாமியார் அஷ்டமி நவமியில் வைக்கக்கூடாது என்று பிடிவாதமாக இருந்தார். டாக்டர் கோபிக்கவே இல்லை. "ஆச்சி, எந்த நாள்னு இப்பவே பார்த்துச் சொல்லிடுங்க, புரோஜெஸ்டிரோன் மருந்து தொடங்கிட்டா அப்புறம் மாத்த முடியாது" என்றார். அந்த மருந்து தொடங்கிய ஆறாம் நாளில்தான் ஐந்து நாள் கருவை வைக்க வேண்டும், ஆனால் மருந்தைத் தொடங்கும் நாளை ஒன்றிரண்டு நாள் தள்ளிக்கொள்ளலாம். மாமியார் சொன்ன நாளிலிருந்து பின்னோக்கி எண்ணி, நர்ஸ் எங்கள் காலண்டர் தாளிலேயே மணி போட்டு எழுதிக் கொடுத்தார்.

முந்தைய இடத்தில் சொன்ன ஈஆர்ஏ பரிசோதனை (கர்ப்பப்பை உட்சுவரில் துளி எடுத்து, கரு வைக்க ஏற்ற நேரம் எது என்று பார்ப்பது) பற்றிக் கேட்டேன். வேண்டாம் என்றார். 2022ல் வந்த ஒரு பெரிய ஆய்வில், அதை வைத்து நேரம் குறித்தவர்களுக்குக் குழந்தை பிறப்பது கூடவில்லையாம். விற்றிருந்தால் நாங்கள் வாங்கியிருப்போம், அந்த நிலைமையில்தான் இருந்தோம்.

கரு வைத்துக் கொஞ்ச நேரத்திலேயே எழுந்து நடக்கச் சொன்னார்கள், படுத்தே கிடப்பதால் பலன் இல்லையாம். மாமியாருக்குத்தான் மனசே ஆகவில்லை. பன்னிரண்டாம் நாள் ரத்தப் பரிசோதனை பாசிட்டிவ். இப்போது ஆறாம் மாதம்.

குறை என்றால் காத்திருப்பு, சில நாள் மூன்று மணி நேரம்கூட ஆகும். உறையவைத்த கருவைப் பாதுகாக்கத் தனிக் கட்டணம் உண்டு, அதை முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். திங்கள்கிழமை கூட்டம் நெரியும், ஏழு மணிக்கே டோக்கன் எடுத்தால்தான் மதியத்துக்குள் தேவகோட்டை பஸ்ஸைப் பிடிக்கலாம்.