பிரான்சின் சொலோஞ் காட்டுப்பன்றிக்கு எந்த ரைஃபிள்: 7×64, .308, .300 மேக்னம், 9.3×62

தங்கச்சி மகன் பிரான்சின் ஓர்லேயானிலிருந்து லீவில் வந்திருந்தான். வந்த மறுநாள் காலையில் காபி டம்ளரைக் கையில் வாங்கும்போதே, "மாமா, பெர்மி எடுத்துட்டேன், எந்தக் கராபின் வாங்கட்டும்?" என்றான். பெர்மி என்றால் வேட்டை உரிமம், கராபின் வேட்டை ரைஃபிள். பத்து நாளும் இதே பேச்சுதான். எங்கள் புதுச்சேரியில் சொல்தா, அதாவது பிரெஞ்சுப் படையில் இருந்தவர்களின் குடும்பங்களில் அடுத்த தலைமுறை அங்கேயே பிறந்து வளர்ந்து, இப்போது வேட்டைக்கும் போக ஆரம்பித்துவிட்டது. அவனைப் போல இன்னும் நாலு பேர் இதையே கேட்டுவிட்டார்கள். அதனால் அவனிடம் சொன்னதை முழுசாக எழுதி வைக்கிறேன்.

இது முழுக்க பிரான்சு சங்கதி. இங்கே புதுச்சேரியிலோ கடலூரிலோ காட்டுப்பன்றியைச் சுட யாருக்கும் இஷ்டம் போல உரிமை கிடையாது, 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டை குற்றம். இன்னொன்று, அங்கேயிருந்து லீவுக்குக் கிளம்பும்போது வேட்டைக்குத் தூக்கிப்போன பையில் துணியை அடைத்துக்கொண்டு வராதீர்கள். மூலையில் மறந்துபோன ஒரே ஒரு தோட்டா கிடந்தாலும் சென்னை விமான நிலையத்தில் ஆயுதச் சட்டத்தில் வழக்குதான். மாப்பிள்ளையிடம் இதைத்தான் முதலில் சொன்னேன்.

சரி, அவன் முன்னால் இருந்தது நாலு வழி. எண்கள் எல்லாம் தோட்டா அளவின் பெயர். ஒன்று, நான் 22 சீசன் வைத்திருந்து, ஊருக்குத் திரும்பும்போது அங்கே நண்பர் ஒருவரிடம் விட்டுவந்த 7×64. இரண்டு, கடையில் புதிதாக ஒரு .308. மூன்று, அவனோடு வேட்டைக்குப் போகிற பசங்க எல்லாரும் சொல்கிற .300 வின்செஸ்டர் மேக்னம் (மருந்து கூடுதலான தோட்டா), அதுவும் போல்ட்டை, அதாவது தோட்டாவை ஏற்றும் தண்டை, திருப்பாமல் நேராக இழுத்துத் தள்ளுகிற வகை. நாலாவது, அவர்கள் வேட்டைக் குழுத் தலைவர் சத்தியம் செய்யாத குறையாகப் பரிந்துரைக்கும் 9.3×62.

7×64ல் தொடங்குகிறேன், ஏனென்றால் அவன் மனசு அதில்தான் இருந்தது, என் மனசும். வில்ஹெல்ம் பிரெனெக்கே என்ற ஜெர்மானியர் 1917ல் கொண்டுவந்த தோட்டா இது. பிரான்சில் இது இவ்வளவு பரவியதற்குத் தோட்டாவின் குணம் பாதிக் காரணம், மீதிப் பாதி சட்டம். 2013 செப்டம்பர் வரைக்கும் அங்கே .308, .30-06 இரண்டும் போர்க் கேலிபர், அதாவது படைத் தோட்டா அளவு, என்று பட்டியலில் இருந்தன, வேட்டைப் பெர்மியை மட்டும் காட்டி வாங்க முடியாது. பிரெஞ்சுப் படையில் இருந்தபோது எஃப்ஆர் எஃப்2 ரைஃபிளில் 7.62×51 நூற்றுக்கணக்கில் சுட்டிருக்கிறேன், .308ன் கூடப்பிறந்தது அது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை பன்றி வேட்டைக்கு அதை எடுத்துப்போக வழியில்லை. என் தலைமுறை வேட்டைக்காரர்கள் வீட்டில் எல்லாம் 7×64, .270, .280 என்று இருப்பதற்கு இதுதான் காரணம். அந்த 2013 மாற்றத்துக்குப் பிறகு பெரும்பாலான கேலிபர்களுக்கு இந்தக் கட்டு அவிழ்ந்துவிட்டது. வயசானவர்கள் யாராவது "பிரான்சில் .308 கூடாது" என்று சொன்னால் அது பழைய கணக்கு.

தோட்டா என்று பார்த்தால் 7×64 அருமையானது. 11 கிராம் சொச்சம் குண்டு, நொடிக்கு 850 மீட்டரை ஒட்டிய வேகம், தூரத்திலும் பாதை அதிகம் சரியாது. மலைப்பக்கம் போய் ஒளிந்து நெருங்கி ஆட்டையோ மானையோ சுடுகிறவனாக இருந்தால் இதைத் தாண்டி யோசிக்கவே வேண்டாம். ஆனால் அவன் போவது சொலோஞ். ஓர்லேயானுக்குத் தெற்கே, தட்டையான காடு, ஏரி, சதுப்பு, நடுவே வெட்டிவிட்ட நேர்ப்பாதைகள். அங்கே நடப்பது பத்தூ, அதாவது விரட்டு வேட்டை. நாய்களும் விரட்டுகிறவர்களும் ஒரு பக்கத்திலிருந்து சத்தம் போட்டு வருவார்கள், நாம் பாதை ஓரத்தில் ஆரஞ்சு அங்கியோடு நிற்போம், பன்றி இந்தப் புதரிலிருந்து பாய்ந்து அந்தப் புதருக்குள் போகும். பாதை அகலம் ஆறேழு மீட்டர். நம் கையில் இருப்பது அரை நொடி, மிஞ்சிப்போனால் ஒன்று. தூரம் இருபதிலிருந்து ஐம்பது மீட்டர்.

இந்த இடத்தில்தான் கேலிபர் சண்டையின் காற்று இறங்குகிறது. மாடியில் உட்கார்ந்து அவனோடு சேர்ந்து ஒரு கணக்குப் போட்டேன். ஓடுகிற பன்றியின் வேகம் மணிக்கு 40 கிலோமீட்டர் என்று வையுங்கள், நொடிக்கு 11 மீட்டர். தூரம் 50 மீட்டர். .308ல் 11.7 கிராம் குண்டு நொடிக்கு 800 மீட்டர் போகிறது, அது போய்ச் சேருவதற்குள் பன்றி சுமார் 69 சென்டிமீட்டர் நகர்ந்திருக்கும். .300 மேக்னத்தில் அதே எடைக் குண்டு 900 மீட்டர், பன்றி 61 சென்டிமீட்டர். 9.3×62 நிதானமானது, 18.5 கிராம் குண்டு 720 மீட்டர், பன்றி 76 சென்டிமீட்டர். .308க்கும் மேக்னத்துக்கும் எட்டு சென்டிமீட்டர்தான் வித்தியாசம், நாலு விரற்கடை. ஓடுகிற மிருகத்துக்கு முன்னால் குழலை ஓட்டி, நிறுத்தாமல் விசையை அழுத்தும்போது, துப்பாக்கி தோளில் சரியாக உட்காராவிட்டால் வருகிற பிழை இதைப்போல மூன்று மடங்கு, நாலு மடங்கு. அப்படி இருக்கும்போது வேகத்துக்காக மேக்னம் வாங்குவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

சக்தி போதாது என்பார்கள். பிரான்சில் பெரிய மிருகத்துக்குச் சட்டம் கேட்பது 5.6 மி.மீ.க்குக் குறையாத கேலிபர், 100 மீட்டரில் குறைந்தது 1,000 ஜூல். .308 குழல் வாயில் 3,700 ஜூல் தருகிறது, 100 மீட்டரிலும் சட்டம் கேட்பதைப்போல மூன்று மடங்கு. .300 மேக்னம் 4,700ஐத் தாண்டும். அந்த மிச்சம் ஆயிரம் ஜூல் 40 மீட்டரில் என்ன செய்கிறது என்று அறுக்கும்போது பார்த்திருக்கிறேன். தோல் மேலே சின்ன ஓட்டைதான் தெரியும், தோலை உரித்தால் முன்னங்கால் சந்து முழுக்கக் கறுத்த ரத்தக் கட்டி, எலும்புச் சில்லு, கையால் வழித்தால் கூழ். ஒரு முன்தொடையே வீண். தங்கச்சி அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "இதை எப்படிண்ணே வறுக்கறது?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். சுட்ட மிருகத்தின் கறியைத் தூக்கி எறிவது எனக்கு இன்றைக்கும் பொறுக்காத காரியம்.

உதை அதைவிடப் பெரிய விஷயம். ஒரே எடை ரைஃபிளில் .300 மேக்னத்தின் உதை .308ஐப்போல ஒன்றரை மடங்குக்குக் குறையாது. ஒரு டிசம்பரில் நண்பரின் .300ஐ இரவல் வாங்கினேன், எடை குறைந்த துப்பாக்கி. சனிக்கிழமை மைதானத்தில் ஏழு தோட்டா சுட்டதிலேயே தோள் கன்றிப்போய்விட்டது. ஞாயிறு காலை, முப்பது மீட்டரில் எழுபது கிலோ பெட்டைப் பன்றி ஒன்று பாதையைக் கடந்தது. இத்தனை வருஷம் சுட்டவன், விசையை அழுத்துவதற்கு ஒரு இமை முன்னாலேயே உடம்பு உதைக்குப் பயந்து சுருங்கி, கண் மூடிவிட்டது. வயிற்றில் பட்டது. பாதையில் ரத்தத்தைவிட இரைப்பைப் பச்சைதான் அதிகம் சிந்தியிருந்தது. அதைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது, அது உடனே சாகாது. ரத்தம் மோந்து தேடும் நாயோடு ஒருவர் மறுநாள் காலை வந்தார், இரண்டு கிலோமீட்டர் தள்ளி முட்புதருக்குள் உயிரோடுதான் படுத்திருந்தது. ஒரு இரவு முழுக்க. 7×64 கையில் இருந்திருந்தால் எனக்கு அந்தக் கண்மூடல் வந்திருக்காது. மேக்னத்தை வேண்டாம் என்று இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு அந்த இரவுதான் காரணம்.

இன்னொரு நடைமுறைச் சிக்கல். பத்தூவுக்கு 51 சென்டிமீட்டர் குழல்தான் வசதி, புதருக்குள் சுழற்றலாம். .300 மேக்னத்துக்குள் இருக்கிற அத்தனை மருந்தும் எரிந்து பலன் தர 60 சென்டிமீட்டருக்கு மேல் குழல் வேண்டும். குட்டைக் குழலில் மீதி எல்லாம் வாயில் நெருப்பாகவும் காது கிழிகிற சத்தமாகவும் போகிறது. .308 தோட்டா குட்டையானது, 51 சென்டிமீட்டரில் அது இழப்பது கொஞ்சம்தான். இப்போது அங்கே வேட்டைக்கு சைலன்சர் மாட்ட அனுமதி இருக்கிறது. குட்டைக் குழலில் அதை மாட்டினாலும் கைக்கு அடக்கமாகவே இருக்கும், வயசான காலத்தில் காது கேட்கும்.

9.3×62 விஷயத்தில் தலைவர் சொல்வதை நான் மதிக்கிறேன். பெர்லினில் துப்பாக்கி செய்த ஓட்டோ பொக் 1905ல் உருவாக்கியது, ஆப்பிரிக்காவில் பெரிய பெரிய மிருகத்துக்கே போனது. கனமான குண்டு, நிதானமான வேகம், உள்ளே போன குண்டு அநேகமாக மறுபக்கம் வெளியே வரும். இரண்டு ஓட்டையிலும் ரத்தம் வடியும், அடிபட்டது எந்தப் பக்கம் போனது என்று தேடுவது சுலபம். கறியும் மேக்னம் அளவுக்குச் சிதையாது. 120 கிலோ கிழட்டு ஆண் பன்றியின் தோளில் பலகை மாதிரி கெட்டியான தோல் இருக்கும், அதற்கும் அஞ்ச வேண்டியதில்லை. உதை பலமானதுதான், ஆனால் மேக்னம் மாதிரி வெடுக்கென்று அறையாது, நீளமாகத் தள்ளும். பத்து வருஷம் சுட்டுப் பழகியவனுக்கு, பத்தூ மட்டுமே போகிறவனுக்கு, என் முதல் ஓட்டு 9.3×62க்குத்தான். மாப்பிள்ளை இன்னும் ஒரு பன்றிகூடச் சுடவில்லை. தோட்டா விலையும் அதிகம், விலை அதிகம் என்றால் பயிற்சி குறையும். புதுசாகத் தொடங்குகிறவன் வருஷத்துக்கு இருநூறு தோட்டாவாவது தாளில் சுட வேண்டும்.

இவ்வளவு பேசியும் அவன் 7×64ஐ விடுவதாக இல்லை. "உங்க துப்பாக்கி மாமா" என்று அதிலேயே நின்றான். ஒரு சாயங்காலம் கடற்கரைச் சாலைக்கு நடந்தோம். பழைய கலங்கரை விளக்கத்துக்கு எதிரே நிறுத்தி, இரண்டு கண்ணையும் திறந்து வைத்து, கையை நீட்டி, கட்டைவிரலால் விளக்கின் தலையை மறைக்கச் சொன்னேன். மறைத்தான். வலது கண்ணை மூடு என்றேன், விரல் அப்படியே இருந்தது. இடது கண்ணை மூடு என்றேன், விரல் சட்டென்று பக்கத்துக் கட்டடத்துக்குத் தாவிவிட்டது என்றான். இரண்டு மூன்று முறை மாற்றி மாற்றிப் பார்த்தோம், அதேதான். அவனுக்கு ஆளுகிற கண் இடது. எழுதுவது வலது கை, பெர்மி பரீட்சையில் வலது தோளில் வைத்து இடது கண்ணை மூடிச் சமாளித்திருக்கிறான், ஆனால் சின்ன வயசில் இந்த வீட்டுத் திண்ணையில் கேரம் ஆடும்போது ஸ்ட்ரைக்கரை இடது கையால்தான் அடிப்பான், எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஓடுகிற மிருகத்தை ஒரு கண்ணை மூடிக்கொண்டு சுடக் கூடாது. வருகிற நாயும் தெரியாது, பக்கத்தில் நிற்கிறவனுக்காக விடவேண்டிய 30 பாகைக் கோணமும் தெரியாது. மறுநாள் மாடியில் ஒரு மூங்கில் கழியைக் கொடுத்து இடது தோளில் தூக்கிப் பறக்கிற காக்கையைப் பின்தொடரச் சொன்னேன். வலது தோளில் தடுமாறிய கழி இடதில் தானாகவே போனது.

என் 7×64 வலக்கைக்காரனுக்குச் செய்தது. இடது தோளில் வைத்தால் ஒவ்வொரு வெடிக்கும் கையைக் குழலுக்கு மேலே தாண்டிப் போட்டு போல்ட்டை இழுக்க வேண்டும், இரண்டாவது வெடிக்குள் பன்றி போய்விடும். அதோடு அவன் பேருக்கு மாற்ற ஆயுதக் கடைக்காரர் வழியாகத்தான் போக வேண்டும், எஸ்ஐஏ என்ற அரசு ஆயுதப் பதிவுக் கணக்கில் பதிய வேண்டும், அந்த அலைச்சல் எல்லாம் முடித்தும் கைக்கு உதவாத துப்பாக்கி. அந்தப் பேச்சு அன்றோடு முடிந்தது. எனக்கும் கொஞ்சம் வருத்தம்தான்.

இடக்கை என்று ஆனதும் மற்றதும் தெளிவாகிவிட்டது. நேர் இழுப்பு வகையில் பிளேசர் ஆர்8 இடக்கையிலும் உண்டு, அற்புதமான வேலைப்பாடு, தோளிலிருந்து எடுக்காமல் அடுத்த தோட்டாவை ஏற்றலாம். ஆனால் விலை ஒரு சாதாரண நல்ல போல்ட் ரைஃபிளைப்போல மூன்று நாலு மடங்கு. அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் செமி ஆட்டோவில் ப்ரௌனிங் பார் 1967லிருந்து இருக்கிறது, உதை மென்மை, வேட்டையில் மூன்று வெடிக்கு மேல் கூடாது. முதல் துப்பாக்கியாக அதைக் கொடுக்க எனக்கு மனசில்லை, முதல் குண்டை யோசித்துச் சுடுகிற பழக்கம் வரட்டும். நான் சொன்னது டிக்கா டி3எக்ஸ் என்ற போல்ட் ரைஃபிள், இடக்கை, .308, 51 சென்டிமீட்டர் குழல், முனையில் சைலன்சர் மாட்ட மரை வெட்டியது. போல்ட்டை 70 பாகை தூக்கினால் போதும், பழைய மௌசர் 98க்கு 90 வேண்டும், அந்த இருபது பாகை கைக்குத் தெரியும். .30-06 எடுத்தாலும் தப்பில்லை, வேகம் கொஞ்சம் கூடும், உதையும் கூடும், இந்தக் காட்டுக்கு அது தேவைப்படாது.

மேலே ஸ்கோப் 1-6×24, ஒன்றிலிருந்து ஆறு மடங்கு பெரிதாக்குவது. பன்னிரண்டு மடங்கு, பதினைந்து மடங்கு எல்லாம் கடைக்காரர் காட்டுவார், வேண்டாம், முப்பது மீட்டரில் பன்றியின் மயிர் மட்டும்தான் தெரியும். குண்டு செம்பிலா ஈயத்திலா என்று கேட்டான். செம்புக் குண்டு பிளந்து விரிய வேகம் வேண்டும். அதனால் செம்பு என்றால் 180 கிரெய்னுக்கு (11.7 கிராம்) போகாமல் 150, 165க்குள் நிற்கட்டும், ஈயம் என்றால் 180 தாராளமாகப் போகலாம். எதுவானாலும் ஒரே லாட்டில் பதினைந்து பெட்டி வாங்கிவிடச் சொல்லியிருக்கிறேன், பெட்டிக்கு 20, மாதத்துக்கு ஒரு பெட்டி ஓடுகிற பன்றி இலக்கில், மீதி காட்டுக்கு.

கிளம்புகிற அன்று பையைத் தரையில் கொட்டி, ஒவ்வொரு ஜேபாகத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் காரில் ஏற்றினேன். மூங்கில் கழியையும் எடுத்துப் போகிறேன் என்றான். அங்கேயே ஒரு கழி பார்த்துக்கொள், இடது தோளில் தினம் ஐம்பது முறை தூக்கு, செப்டம்பருக்குள் கன்னம் தானாகக் கட்டையில் போய் உட்காரணும் என்று சொல்லி அனுப்பினேன்.