மூளைக்காக வாங்கிய காது மிஷின்: ஒரு மதிப்புரை

மூளைக்கு நல்லது என்று சொல்லி விற்கப்படும் பொருள்களுக்கு இன்று பஞ்சமில்லை. வல்லாரை மாத்திரை, மீனெண்ணெய்க் குளிகை, புதிர் விளையாட்டுச் செயலியின் ஆண்டுச் சந்தா என்று மருந்துக்கடையிலும் கைப்பேசியிலும் அவை நிறைந்து கிடக்கின்றன. எழுபது வயதைக் கடந்த என் தாயாருக்காக நாங்கள் அவற்றில் எதையும் வாங்கவில்லை. காது மிஷின் ஒரு ஜோடி வாங்கினோம். ஓராண்டுக்கும் மேலாக அவர் அதை அன்றாடம் அணிந்துவருகிறார். தயாரித்த நிறுவனத்தின் பெயரை இங்கே குறிப்பிடப் போவதில்லை. ஏனெனில், இந்தப் பொருளைப் பொறுத்தவரை பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் பெயரைவிட, அதைக் காதில் பொருத்திச் சரிசெய்து கொடுப்பவரின் திறமைதான் பயனைத் தீர்மானிக்கிறது என்பது என் முடிவு.

காதுக்கும் மூளைக்கும் என்ன தொடர்பு என்று கேட்பவர்கள் உண்டு. லான்செட் மருத்துவ இதழின் டிமென்ஷியா (மறதிநோய்) ஆணையம் 2024ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கை, நம்மால் மாற்றிக்கொள்ளக்கூடிய 14 காரணிகளைப் பட்டியலிட்டு, அவை அனைத்தையும் களைய முடிந்தால் உலகில் ஏறத்தாழ 45 சதவீத மறதிநோயைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ வாய்ப்பு இருப்பதாகக் கணக்கிட்டது. சர்க்கரை, இரத்தக் கொதிப்பு, புகைப்பழக்கம், உடலுழைப்பு இன்மை, தனிமை ஆகிய எல்லாமே அந்தப் பட்டியலில் இருக்கின்றன. ஆனால் ஒவ்வொன்றின் பங்கையும் தனித்தனியே பார்த்தால், தலா 7 சதவீதத்துடன் முன்னணியில் நிற்பவை கேட்கும் திறன் குறைவும், கெட்ட கொழுப்பு எனப்படும் எல்டிஎல் கொழுப்பும்தான். ஆய்வாளர்கள் இதற்குப் பல விளக்கங்கள் தருகிறார்கள். அரைகுறையாக விழும் ஒலியிலிருந்து சொல்லைக் கண்டுபிடிப்பதிலேயே மூளையின் உழைப்பு செலவழிந்து, கேட்டதை நினைவில் வைக்க மிச்சம் இல்லாமல் போகிறது. ஒலியின் தூண்டுதல் குறைவதால் மூளையில் ஒலியை உணரும் பகுதிகள் சுருங்கவும் கூடும். எல்லாவற்றுக்கும் மேலாக, காது கேட்காதவர் மெல்லப் பேச்சிலிருந்தும் மனிதர்களிடமிருந்தும் ஒதுங்கிவிடுகிறார்.

இதற்காகக் காது மிஷின் அணிந்தால் மறதிநோய் வராது என்று யாராவது உறுதி கூறினால் நம்ப வேண்டாம். அமெரிக்காவில் 70 முதல் 84 வயது வரையுள்ள 977 பேரிடம் மூன்றாண்டுகள் நடத்தப்பட்டு 2023இல் முடிவு வெளியான ‘அச்சீவ்’ ஆய்வில், பங்கேற்ற அனைவரையும் சேர்த்துப் பார்த்தபோது கருவி அணிந்தவர்களுக்கும் அணியாதவர்களுக்கும் சிந்தனைத் திறனில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. இதயநோய்க்கான ஆபத்துக் காரணிகள் முதலியவற்றால் முன்னரே அதிக ஆபத்தில் இருந்த பிரிவினரிடம் மட்டும், அத்திறன் குறையும் வேகம் 48 சதவீதம் மட்டுப்பட்டிருந்தது. சர்க்கரையும் இரத்தக் கொதிப்பும் உள்ள என் தாயாரின் நிலையில் இந்த இரண்டாவது செய்தி எங்களுக்குப் போதுமான காரணமாக இருந்தது. விற்பனையாளர்கள் முதல் பாதியை விட்டுவிட்டு இரண்டாம் பாதியை மட்டும் சொல்வார்கள் என்பதால் இரண்டையும் எழுதுகிறேன்.

வாங்குவதற்கு முன் நடந்தவையும் இந்த மதிப்புரையில் அடங்கும். முதலில் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் சென்று, குறும்பி அடைத்திருக்கிறதா, செவிப்பறையில் கோளாறு உண்டா என்று பார்த்துக்கொண்டோம். பிறகு, ஒலி புகாத அறையில் ஹெட்போன் மாட்டி 250 ஹெர்ட்ஸ் என்ற தாழ்ந்த ஒலி முதல் 8,000 ஹெர்ட்ஸ் என்ற உயர்ந்த ஒலி வரை பரிசோதித்து, வரைபடம் ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். தாழ்ந்த ஒலிகளில் ஓரளவு நேராகச் சென்ற கோடு, 2,000 ஹெர்ட்ஸைத் தாண்டியதும் சரேலென இறங்கியது. முதுமையில் காது மந்தமாவது பெரும்பாலும் இவ்வாறுதான் நிகழ்கிறது. உயிரொலிகள் தாழ்ந்த அதிர்வெண்ணில் உரக்க ஒலிப்பதால் அவை கேட்டுவிடும். மெய்யொலிகள் பலவும் மெலிந்து உயர்ந்த அதிர்வெண்ணில் இருப்பதால் அவைதான் காதில் விழாமல் தப்பிவிடும். கடை, தடை, படை, சடை ஆகிய நான்கும் என் தாயாருக்கு ஏறத்தாழ ஒரே சொல்லாகக் கேட்டுவந்ததற்கு இதுவே காரணம். “சத்தம் கேக்குது, சொல்றதுதான் புரியல” என்று அவர் பல ஆண்டுகளாகச் சொல்லிவந்ததை அந்த ஒரே தாள் விளக்கிவிட்டது. இணையத்தில் ஆயிரம் இரண்டாயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் ஒலிபெருக்கிகளை நான் பரிந்துரைக்காததும் இதனால்தான். அவை எல்லா ஒலியையும் ஒன்றுபோல் உயர்த்துமே தவிர, கேட்கும் திறன் குறைந்த இடத்தில் மட்டும், குறைந்திருக்கும் அளவுக்கு ஏற்ப ஈடுசெய்வதில்லை.

கடைகளில் பேச்செல்லாம் சேனல்களை, அதாவது ஒலியைத் தனித்தனியே சரிசெய்யக் கருவி பிரித்துக்கொள்ளும் அதிர்வெண் பட்டைகளைப் பற்றியே இருக்கிறது. எட்டு சேனல், பதினாறு சேனல், நாற்பத்தெட்டு சேனல் என்று எண் ஏற ஏற விலையும் ஏறி, ஒரு காதுக்குப் பதினைந்தாயிரம் ரூபாயில் தொடங்குவது ஒரு ஜோடிக்குச் சில இலட்சங்கள் வரை போகிறது. திருச்சியில் நாங்கள் ஏறி இறங்கிய இடங்களில், காதுக்குள் மெல்லிய குழாய் ஒன்றைச் செலுத்தி, கருவி அணிந்த நிலையில் செவிப்பறைக்கு அருகே உண்மையில் எவ்வளவு ஒலி சேர்கிறது என்று அளந்து சரிசெய்யும் வசதி உண்டா என்று கேட்டதும் பலர் பேச்சை மாற்றினார்கள். அந்த வசதியும், இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவுபெற்ற ஆடியாலஜிஸ்ட் எனும் செவித்திறன் நிபுணரும் இருந்த ஓரிடத்தில், நடுத்தர விலையில் காதுக்குப் பின்னால் அமர்ந்து மெல்லிய கம்பி வழியே உள்ளே ஒலி தரும் வகையை வாங்கினோம். ஜோடிக்கு ஒரு இலட்சத்துக்குச் சற்றுக் குறைவாக ஆயிற்று. இன்னொரு இலட்சம் கொடுத்து மேல்மாடலை எடுத்திருந்தால், அடிக்கடி திருமண மண்டபத்துக்கும் கூட்டங்களுக்கும் செல்பவருக்குப் பயன்பட்டிருக்கலாம். வீடு, கோயில், மாலை நடை என்று வாழும் ஒருவருக்குத் தேவையில்லை.

முதல் சில வாரங்கள் சோதனையானவை. பல ஆண்டுகளாகக் கேட்காத ஒலிகள் திடீரென்று திரும்பியதில், எவர்சில்வர் தட்டைச் சமையல் மேடையில் வைக்கும் ஓசையே அவரைத் திடுக்கிட வைத்தது. “ஏம்ப்பா, இந்த ஃபேன் எப்பவும் இப்படித்தான் இரையுமா?” என்று கேட்டுவிட்டுக் கருவியைக் கழற்றி டப்பாவில் போட்டுவிடுவார். மூளை அந்த இரைச்சல்களை மீண்டும் பின்னுக்குத் தள்ளப் பழகுவதற்குக் காலம் பிடிக்கும் என்பதையும், விழித்திருக்கும் நேரமெல்லாம் அணிந்தால்தான் அந்தப் பழக்கம் அமையும் என்பதையும் ஆடியாலஜிஸ்ட் பொறுமையாக விளக்கினார். கருவியே தினசரி சராசரியாக எத்தனை மணி நேரம் அணியப்பட்டது என்று பதிந்துவைக்கும் என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. அடுத்த முறை சென்றபோது கணினித் திரையில் அந்த எண்ணைக் காட்டி, “அம்மா, காலையில பல் தேய்ச்சதும் மாட்டிருங்க, படுக்கப் போறப்போ கழட்டுங்க, நடுவுல கழட்டாதீங்க” என்றார். திரையைப் பார்த்ததும் அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒலி அளவையும் முதலில் சற்றுக் குறைத்துவைத்து, படிப்படியாக ஏற்றிக் கொடுத்தார்கள். இத்தகைய மறுசந்திப்புகள் இல்லாமல் கருவியை மட்டும் கையில் கொடுத்து அனுப்பும் கடையில் வாங்கினால், அது அலமாரியில் தூங்கும்.

பயனைப் பற்றி அளவோடு சொல்கிறேன். அவருடைய ஞாபகசக்தி கூடிவிட்டதா என்பதை வீட்டில் உட்கார்ந்து அளக்க வழியில்லை. ஆனால், எதிர்வீட்டு அக்காவுடன் மாலை நடையை அவர் மீண்டும் தொடங்கியிருக்கிறார். இடையில் அது நின்றுபோனதற்குக் கால்வலி என்று காரணம் சொல்லிவந்தாலும், நடந்துகொண்டே பேசுபவரின் முகத்தைப் பார்க்க முடியாததால் பேச்சு புரியாமல் போனதே உண்மை. வாரத்தில் மூன்று நாள் நாற்பது நிமிடம் நடந்த முதியவர்களின் மூளையில் நினைவுக்குரிய ஹிப்போகாம்பஸ் பகுதி ஓராண்டில் சுமார் 2 சதவீதம் பெருத்ததாக 2011ஆம் ஆண்டின் ஓர் அமெரிக்க ஆய்வு சொன்னது. ஆகவே நடையைத் திரும்பக் கொண்டுவந்ததற்கே இந்தக் கருவிக்கு நான் கூடுதல் மதிப்பெண் கொடுப்பேன். பேரனுடன் தொலைபேசியில் பேசும்போது ரிசீவரை என்னிடம் நீட்டுவதும் குறைந்திருக்கிறது. குறுக்கெழுத்துப் புதிரை விடப் பேச்சுவார்த்தை மூளைக்கு அதிக வேலை தருகிறது என்பது என் சொந்தக் கருத்து: அங்கே விடையை உடனே சொல்லியாக வேண்டும்.

குறைகளும் உண்டு. பழுப்பு ஒட்டுத்தாளுடன் வரும் 312 எண் பேட்டரி சட்டைப் பொத்தானைவிடச் சிறியது. விரல் நடுக்கம் உள்ளவர்களால் அதை மாற்றவே முடியாது. அவர்களுக்குச் சார்ஜ் செய்யும் வகையே ஏற்றது. ஒட்டுத்தாளை உரித்ததும் ஓரிரு நிமிடம் காற்றில் வைத்துவிட்டுப் பிறகு பொருத்த வேண்டும் என்பதை அட்டையில் பொடி எழுத்தில்தான் போட்டிருக்கிறார்கள். கோடையில் காதுக்குப் பின்னால் வழியும் வியர்வை உள்ளே புகுவதால், இரவில் உலர்த்தும் டப்பாவில் வைக்காமல் இருக்க முடியாது. தலையணையில் சாய்ந்தாலோ சிலிகான் முனை சரியாக உட்காராவிட்டாலோ ‘கூ’ என்று விசில் அடிக்கிறது. குறும்பியைத் தடுக்கும் நுண்ணிய வடிகட்டி அடைத்துக்கொண்டால் கருவி பழுதானதுபோல் ஊமையாகிவிடும். அதை மாற்றக் கற்றுக்கொண்டபின் பாதிப் புகார்கள் தீர்ந்தன. தயாரிப்பு நிறுவனத்தின் பழுதுசேவைதான் ஏமாற்றம் அளித்தது. ஒரு பக்கக் கம்பி உடைந்தபோது, உத்தரவாதக் காலத்திலேயே பல வாரங்கள் காத்திருக்கவைத்தார்கள். மாற்றுக் கருவியும் தரவில்லை. வாங்கும்போதே இதைப் பற்றிக் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது.

இவ்வளவு செலவழிக்க இயலாதவர்களும் விட்டுவிட வேண்டியதில்லை. வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள முதியோருக்கு 2017 முதல் மத்திய அரசின் ராஷ்ட்ரிய வயோஸ்ரீ திட்டத்தில் காது கேட்கும் கருவியும் இலவசமாக வழங்கப்படுகிறது. பெரிய அரசு மருத்துவமனைகளின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் செவித்திறன் பரிசோதனையும் செய்துகொள்ளலாம். எந்த வழியில் கிடைத்தாலும், வாங்கியபின் அளவு சரிசெய்ய எத்தனை முறை வரலாம், அதற்குத் தனிக் கட்டணம் உண்டா என்ற இரண்டு கேள்விகளையும் பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.