நடுவில் எதை வைப்பது: பழைய புடவையா, வாடிங்கா, பஞ்சா?

மேல்துணி, அடித்துணி, நடுவில் ஒரு சரக்கு என்று மூன்றையும் சேர்த்துத் தைக்கிற போர்வைதான் குவில்ட். அதைத் தைப்பவர்கள் நாலு பேர் கூடினால் பேச்சு மேல்துணியில்தான் ஓடும். எந்தக் கட்டம், எந்த நிறம், எந்த டிசைன் என்று. ஆனால் தைத்து முடித்தது வருஷக்கணக்கில் தாங்குமா, ஆறு மாதத்தில் உருண்டை உருண்டையாகத் திரண்டுவிடுமா என்பதை முடிவு செய்வது நடுவில் இருக்கும் சரக்கு. தையல் எவ்வளவு நெருக்கமாக விழ வேண்டும், வீட்டு மெஷின் இழுக்குமா, ஐப்பசி மழையில் துவைத்தால் காயுமா, ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்தவர் முடித்த பொருளோடு வீட்டுக்குப் போவாரா எல்லாமே அதைப் பொறுத்துத்தான். வட சென்னையில் வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் கடல் ஈரத்தில் இருந்துகொண்டு தைப்பவர்களுக்கு இது இன்னும் கூடுதல் உண்மை.

கீழே வரும் கணக்கெல்லாம் 60க்கு 90 இஞ்ச், அதாவது ஒருவர் படுக்கிற அளவு குவில்ட்டுக்கு.

முதலில் இலவம்பஞ்சைத் தள்ளிவைத்துவிடலாம். தலையணைக்கு அதை மிஞ்ச ஒன்றும் இல்லை. ஆனால் அதன் இழை குட்டையானது, மெழுகுப் பூச்சோடு வழுவழுப்பாக இருக்கும், ஒன்றோடு ஒன்று பிடிக்காது. அதனால்தான் அதை நூலாக நூற்பதும் இல்லை. குவில்ட்டுக்குள் வைத்தால் ஒரே துவையலில் மூலைக்கு ஓடிவிடும். தைக்கும்போது பறக்கிற பஞ்சு மெஷினில் துணியை இழுக்கும் பல்லுக்கு அடியில் போய் அடைத்துக்கொள்வது தனித் தொல்லை. மெத்தைக் கடையில் கொட்டி வாங்கும் பருத்திப் பஞ்சு பரவாயில்லை, ஆனால் இரண்டு மூன்று இஞ்சுக்கு ஒரு தையல் கட்டாயம் வேண்டும். ஜெய்ப்பூரில் ரஜாய் என்ற பஞ்சுப் போர்வை தைப்பவர்களுக்கு அந்தக் கை வாய்த்திருக்கிறது. பஞ்சைச் சீராகப் பரப்புவதே ஒரு தொழில், ஒர்க்‌ஷாப்பில் கற்றுக்கொடுக்கிற காரியம் இல்லை.

உண்மையான போட்டி பழைய புடவைக்கும், ரோலாக விற்கும் உப்பலான பாலியஸ்டர் விரிப்பான வாடிங்குக்கும்தான்.

பழைய புடவை

ஒரு காட்டன் புடவை ஐந்தரை மீட்டர், கிட்டத்தட்ட 216 இஞ்ச். அகலம் சுமார் 45. இதை நீளவாக்கில் 60 இஞ்ச் துண்டுகளாக வெட்டினால் மூன்று துண்டு கிடைக்கும், முந்தானைப் பக்கம் 36 இஞ்ச் மிச்சம். 60க்கு 45 துண்டு இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டால் 60க்கு 90 ஒரு அடுக்கு. ஆக இரண்டு புடவைக்கு ஆறு துண்டு, மூன்று அடுக்கு. மிச்சமான முந்தானைத் துண்டுகள் மேலே ஒட்டுப் போடுவதற்கு. எல்லா அடுக்கிலும் இணைப்பு ஒரே இடத்தில் விழுந்தால் குவில்ட்டின் நடுவே பள்ளம் தெரியும், கிழிசலும் அங்கேதான் ஆரம்பிக்கும். நடு அடுக்குக்கு மட்டும் ஒரு துண்டைப் பாதியாக வெட்டி, இரண்டு ஓரத்திலும் பாதி, நடுவில் முழுத் துண்டு என்று போட்டால் போதும்.

எந்தப் புடவை? பலமுறை துவைத்து, சுருங்க வேண்டியதெல்லாம் சுருங்கி முடித்த காட்டன். கொசுவம் செருகும் இடத்தை இரண்டு கட்டைவிரலாலும் பிடித்து இழுத்துப் பாருங்கள். அங்கே விட்டுப்போனால் அந்தப் பகுதியை வெட்டி எறிய வேண்டும், மற்றது உதவும். நூல் ஒன்றை உருவி நெருப்பில் காட்டினால் காகிதம் எரிகிற வாசனையோடு சாம்பலாக வேண்டும். உருகி மணி மாதிரி கட்டினால் சிந்தடிக் கலந்தது, உள்ளே போட்டால் வழுக்கும், வேர்க்கும். ஜரிகைக் கரையை வெட்டிவிடுங்கள், ஊசி அதில் திக்கும். பலர் மறப்பது ஃபால்ஸ். அது புடவைத் துணி இல்லை, சுருங்கும் அளவு வேறு. பிரிக்காமல் உள்ளே விட்டால் முதல் துவையலில் ஒரு ஓரம் மட்டும் சுருட்டிக்கொள்ளும், காரணம் என்னவென்று மேலே பார்த்துத் தேடினால் கிடைக்காது.

புடவை அடுக்கின் பெரிய நன்மை, அது நகராது. நெய்த துணிக்கு உள்ளேயே பிடிப்பு இருப்பதால் தையல் மூன்று இஞ்ச் தள்ளி விழுந்தாலும் ஒன்றும் ஆகாது. வங்காளத்துக் காந்தாவும், கர்நாடகத்துக் கௌதியும், நம் பக்கத்துத் தெலுங்கு வீடுகளின் பொந்தவும் ஆகிய பழந்துணிப் போர்வைகள் பஞ்சே இல்லாமல் நிற்பது இதனால்தான். ஏசி அறைக்குப் போர்வையாகவும், மற்ற நாளில் பாயின் மேல் விரிப்பாகவும் அளவான கனம்.

குறை, ஈரம். மேல்துணி, அடித்துணியோடு சேர்த்து ஐந்து அடுக்கு காட்டன் தண்ணீரைக் குடித்துவிட்டால் ஒரு ஆள் தூக்கிப் பிழிவது சிரமம். பங்குனி முதல் ஆவணி வரை மொட்டை மாடியில் ஒரே வெயிலில் காய்ந்துவிடும். வடகிழக்குப் பருவமழையில் துவைத்தால் பூஞ்சை வாடை நிச்சயம். தவிர்க்க முடியாவிட்டால் ஒரு கொடியில் மடித்துப் போடாமல், ஒரு முழம் இடைவெளியில் இரண்டு கொடி கட்டி அதன்மேல் பரப்புங்கள், நடுவில் காற்று போகும்.

வாடிங்

வாடிங்கை ஜிஎஸ்எம் கணக்கில், அதாவது சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்று விற்பார்கள். நம் அளவுக்கு மூன்றரை சதுர மீட்டர் வேண்டும். 100 ஜிஎஸ்எம் என்றால் 350 கிராம், 150 என்றால் அரைக் கிலோவுக்குச் சற்று மேல். புடவைக் குவில்ட்டோடு ஒப்பிட்டால் இது கையில் இருப்பதே தெரியாது. துவைத்தால் சுருங்காது, மழைக்காலத்திலும் மின்விசிறிக்கு அடியில் காயும். தையலுக்குத் தையல் உப்பி நிற்பதால் பார்த்ததும் வாடிக்கையாளருக்குப் பிடிக்கும். விற்பனைக்கு இது பெரிய விஷயம், மறுக்க முடியாது.

கெடும் இடங்கள் மூன்று. ஒன்று, இழை வெளியே வருவது. மல் மாதிரி இளக்கமான நெசவை மேலே போட்டால் சில மாதத்தில் துணி முழுக்க வெள்ளை ரோமம் முளைத்த மாதிரி ஆகிவிடும். பாப்ளின், கேம்ப்ரிக் போல நெருக்கமான நெசவுதான் ஒத்துவரும், புது ஊசிதான் போட வேண்டும். முனை மழுங்கிய ஊசி இழையைக் கூடவே இழுத்துக்கொண்டு வரும். இரண்டு, காட்டன் சூட்டில் அயர்ன் பண்ணினால் உப்பல் ஒரேயடியாகப் படுத்துவிடும், திரும்ப எழாது. மேல்துணியை முன்னாலேயே அயர்ன் பண்ணி முடித்துவிட்டு அடுக்க வேண்டும். மூன்று, இணைப்பு. ரோல் அகலம் போதாமல் ஒன்றின்மேல் ஒன்று ஏற்றிப் போட்டால் முதுகெலும்பு மாதிரி ஒரு மேடு தெரியும். விளிம்போடு விளிம்பு சேர்த்துக் கையால் பெரிய குறுக்குத் தையல் போட்டுப் பிடிக்க வேண்டும். ரோலைச் சுருட்டியபடி வைத்திருந்தால் முதல் நாளே விரித்துப் போட்டு உப்ப விடுங்கள்.

சென்னையில் வாடிங் குவில்ட்டைப் போர்த்திக்கொண்டு ஏசி இல்லாமல் தூங்க முடியாது என்பதை விற்கும்போது யாரும் சொல்வதில்லை. சொல்லிவிடுவது நல்லது.

ரோலாக வரும் காட்டன் பேட்டிங், அதாவது பருத்தியில் செய்த வாடிங், இரண்டுக்கும் நடுவில். நல்ல சரக்குதான். விலை அதிகம், துவைத்தால் நூற்றுக்கு ஐந்து வரை சுருங்கும், அதாவது 90 இஞ்சில் நாலரை இஞ்ச். அந்தச் சுருக்கத்தின் அழகுக்காகவே வாங்குபவர்கள் உண்டு. ஆர்டர் கொடுப்பவர் கேட்டால் வாங்கலாம்.

கையா, மெஷினா

கைத்தையல் என்றால் ஓட்டுத் தையல். ஒரு இஞ்ச் இடைவெளியில் 60 வரிசை, ஒவ்வொன்றும் 90 இஞ்ச், மொத்தம் 137 மீட்டர். துணியின் கனத்துக்கும் முடிச்சுக்கும் கூடக் கால் பங்கு சேர்த்தால் 170 மீட்டர் நூல். பேர்ல் காட்டன் எட்டாம் நம்பர் உருண்டை ஒன்று சுமார் 85 மீட்டர், எனவே இரண்டு போதும் என்று கணக்கு சொல்லும், மூன்று வாங்குங்கள். பிறகு போய்க் கேட்டால் அதே நிறத்தில் சாயம் ஒரு மாத்திரை கூடவோ குறையவோதான் கிடைக்கும். பழகிய கைக்கு ஒரு வரிசைக்கு அரை மணி நேரம், ஆக 30 மணி நேரம். மணிக்கு 100 ரூபாய் போட்டாலே கூலி 3000. எம்.சி. ரோட்டில் பெட்ஷீட் வாங்கிப் பழகியவரிடம் இந்தக் கணக்கை விளக்கி விற்பது கடினம். கைத்தையல் குவில்ட்டை அதற்கென்று தேடி வருபவருக்கு மட்டும் தையுங்கள்.

மெஷினில் அதே 60 வரிசை ஒரு பகலில் முடியும். சிக்கல் வேறு இடத்தில். பல் அடித்துணியை இழுக்கும், துணியை அழுத்திப் பிடிக்கும் ஃபுட் மேல்துணியைப் போகவிடாமல் தடுக்கும். 90 இஞ்ச் போய்ச் சேரும்போது மேல்துணி ஒரு இஞ்ச் மிஞ்சி நிற்கும். அடுத்த வரிசையை எதிர்ப்பக்கமிருந்து அடித்தால் இரண்டு வரிசைக்கும் நடுவில் சாய்வாக மடிப்பு விழும், பிரிப்பதைத் தவிர வழியில்லை. எல்லா வரிசையையும் ஒரே திசையில், நடுவிலிருந்து ஓரத்துக்கு அடியுங்கள். ஃபுட்டின் அழுத்தத்தை மேலே உள்ள திருகில் தளர்த்துங்கள். தையல் நீளம் மூன்று, மூன்றரை மில்லிமீட்டர். ஊசி 14, ஒட்டுத்துணியின் இணைப்புகள் தடிமனாக இருந்தால் 16. பை, தோல் சாமான் தைக்கும் யூனிட்களில் மேலும் கீழும் சேர்ந்து இழுக்கும் மெஷின் இருக்கும். பெரியமேடு பக்கம் அதைப் பழுதுபார்க்கத் தெரிந்தவரைப் பிடிப்பதும் எளிது. மாதம் நாலைந்து ஆர்டர் வரும் அளவுக்கு வளர்ந்தால் பழையதாக ஒன்று வாங்கலாம்.

வீட்டு மெஷினின் கழுத்துக்குள் சுருட்டிய குவில்ட் நுழையாது என்பது இன்னொரு தடை. அதற்கு 15 இஞ்ச் கட்டங்களாகத் தனித்தனியே அடுக்கித் தைத்துக் கடைசியில் இணைப்பது நல்ல வழி. நாலுக்கு ஆறு, 24 கட்டம். இங்கே தையல் விடும் அளவு கால் இஞ்ச் என்றால் கால் இஞ்ச்தான். அரை நூல் கூடினால், அதாவது இஞ்சில் பதினாறில் ஒரு பங்கு, இரண்டு பக்கமும் சேர்த்து ஒரு இணைப்புக்கு ஒரு நூல் போய்விடும். நீளவாக்கில் வரும் ஐந்து இணைப்புக்கு அரை இஞ்சுக்கு மேல். ஊசியிலிருந்து சரியாகக் கால் இஞ்ச் அளந்து பிளேட்டில் மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டால் கண்ணை நம்ப வேண்டாம்.

வரிசையாகத் தைக்காமல் நாலு இஞ்சுக்கு ஒரு முடிச்சு போடும் முறை வாடிங்குக்கு மட்டும், அதுவும் குழந்தைக்குத் தைக்கும் குவில்ட்டில் வேண்டாம். குழந்தை முடிச்சை வாயில் வைத்துப் பிடுங்கும்.

அடுக்குகளைப் பிடித்துவைக்கக் குண்டூசி வேண்டாம், நாலு இஞ்ச் இடைவெளியில், பிறகு பிரித்துவிடும் கச்சாத் தையல் போடுங்கள். காசிமேடு, ராயபுரம் காற்றில் குண்டூசியைச் சில வாரம் துணியிலேயே விட்டால் துருக்கறை விழும், அது போகாது.

சாயத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பழைய புடவைக்கு இந்தப் பயமில்லை, விட வேண்டியதை எப்போதோ விட்டிருக்கும். புதுத் துணி, அதிலும் சிவப்பு, நீலக் கட்டம் போட்ட கைலித் துண்டு என்றால் நனைத்து வெள்ளைத் துணியை வைத்து அயர்ன் பண்ணிப் பாருங்கள். மெட்ராஸ் கட்டத் துணி சாயம் போவதையே சிறப்பு என்று சொல்லி அமெரிக்காவில் விற்ற காலம் உண்டு. குவில்ட்டில் அந்தச் சிறப்பு வேண்டாம். கைலித் துண்டுக்கு ஒரு லாபம், கட்டத்தின் கோடே தையலுக்கு வழிகாட்டும், சாக்பீஸ் வேண்டாம்.

ஒர்க்‌ஷாப்புக்கு எது

இங்கே தயக்கமே வேண்டாம்: புடவை அடுக்கு, கைத்தையல். மெஷின் வகுப்பில் பாதி நேரம் அடியில் நூல் கூடு கட்டுவதைப் பிரிப்பதில் போகும். ஃபுட்டை இறக்கிவைத்தபடி மேல்நூல் கோத்ததுதான் பெரும்பாலும் காரணம். டென்ஷன் தட்டு மூடியிருப்பதால் நூல் உள்ளே உட்காராது. புதியவர்கள் இதை அடியில் தேடுவார்கள், பாபின் கேஸைக் கழற்றுவார்கள். இரண்டு பேருக்கு ஒரு மெஷின் இல்லாவிட்டால் அந்த வகுப்பை நடத்தவே வேண்டாம்.

மூன்று மணி நேர வகுப்புக்கு 18 இஞ்ச் குஷன் முகப்பு சரியான அளவு. பழகாத கைக்கு ஒரு வரிசை பத்து நிமிடம். ஒரு இஞ்ச் இடைவெளி விட்டால் 18 வரிசை, மூன்று மணி நேரமும் அதிலேயே போய்விடும். ஒன்றரை இஞ்ச் விடுங்கள். 12 வரிசை, இரண்டு மணி நேரம், ஒட்டுத் துணி தேர்ந்தெடுக்கவும் அடுக்கவும் ஒரு மணி நேரம் கிடைக்கும். எட்டு மீட்டர் எம்பிராய்டரி நூல் கட்டு ஆளுக்கு ஒன்று, ஆறு பிரியில் மூன்று பிரியாக எடுத்தால் தாராளம். ஒன்றரை முழத்துக்கு மேல் கோக்க விடாதீர்கள், சிக்கிக்கொண்டே இருக்கும். கறுப்புத் துணி கொடுக்காதீர்கள். நாற்பதைத் தாண்டிய அக்காக்களுக்குத் தையல் கண்ணுக்குத் தெரியாது, சொல்லவும் கூச்சப்படுவார்கள்.

கர்நாடகத்தின் உத்தர கன்னடத்தில், ஆப்பிரிக்க வம்சாவளியான சித்தி சமூகத்துப் பெண்கள் ஓரத்திலிருந்து ஆரம்பித்து உள்ளே சுற்றிச் சுற்றித் தைத்து, போகப்போக ஒட்டுத் துணி சேர்க்கிறார்கள். தனியாகத் துண்டுகளை இணைக்கவும் வேண்டாம், கடைசியில் பைப்பிங் அடிக்கவும் வேண்டாம். நாலு ஞாயிறு வகுப்புக்கு இதைவிட நல்ல முறை கிடையாது. அளவு 36க்கு 36 போதும். ஒரே பிரச்சினை, நூலை இறுக்கி இழுப்பவர்களுக்கு நடுவில் துணி பொங்கி நிற்கும். ஒவ்வொரு ஊசி நூல் முடியும்போதும் கட்டைவிரலால் தைத்த இடத்தை நீவிவிடச் சொன்னால் பாதி தீரும், மீதிக்குக் கச்சாத் தையல் நெருக்கமாக வேண்டும். இரண்டு மணி நேர வகுப்பு நாலு போதாது, வீட்டில் இன்னும் மூன்று மணி நேரமாவது தைக்க வேண்டியிருக்கும் என்று பணம் வாங்கும்போதே சொல்லிவிடுங்கள். மூன்றாவது வாரம் ஆள் வராமல் போவது பெரும்பாலும் வீட்டுப்பாடம் முடிக்காத வெட்கத்தால்தான்.

வீட்டு ஹாலில் நடத்துபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சாதாரண ஆறு ஆம்பியர் பிளக் சுமார் 1400 வாட் வரைதான் தாங்கும். ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இரண்டு 1000 வாட் அயர்ன் பாக்ஸ் செருகாதீர்கள். ஒன்று போதும், வரிசையில் நிற்கட்டும்.