பல்கலைக்கழகத்தில் பாலியல் தொந்தரவுப் புகார்: "எழுத்தில் வேண்டாம்மா, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்றால் நம்பாதீர்கள்

பிஎச்.டி. படிக்கும் பெண்களும் அவர்கள் வீட்டாரும் இதைப் படிக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். கைடு (ஆராய்ச்சி வழிகாட்டி) மீதோ துறையில் வேறு யார் மீதோ பாலியல் தொந்தரவு என்று சொல்லிக்கொண்டு போனால், பெரும்பாலும் யாரும் முகத்தில் அடித்தாற்போல் விரட்ட மாட்டார்கள். உட்கார வைத்துத் தண்ணீர் கொடுப்பார்கள், அன்பாகப் பேசுவார்கள். "இப்போதே எழுத்தில் வேண்டாம்மா, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்பார்கள். அதை நம்பி ஒரு வாரம்கூடக் காத்திருக்காதீர்கள். புகார் கொடுக்கச் சட்டம் நமக்குத் தருவது மூன்று மாதம். நீங்கள் காத்திருக்கும் ஒவ்வொரு நாளும் அதில்தான் கழிகிறது.

நான் தமிழ்நாட்டில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவி. எந்தப் பல்கலைக்கழகம், யார் என்று சொல்லப்போவதில்லை. விசாரணை நடக்கிறது; 2013-ஆம் ஆண்டுப் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் சட்டத்தின் 16-ஆவது பிரிவுப்படி புகாரின் உள்ளடக்கத்தையும் இரு தரப்பினரின் அடையாளத்தையும் வெளியிடக் கூடாது. அதனால் என்ன நடந்தது என்பதைவிட, புகாரை எப்படி இழுத்தடித்தார்கள் என்பதைத்தான் விரிவாகச் சொல்கிறேன்.

என் கைடிடமிருந்து வந்தவை இரண்டு வகை. ஒன்று, ராத்திரி நேர வாட்ஸ்அப் செய்திகள், சினாப்சிஸ் (தீசிஸின் சுருக்கம்) திருத்துவதற்குத் தனியாக வரச் சொல்லும் அழைப்புகள். இன்னொன்று, லேபில் ஜூனியர்கள் முன்னாலேயே என் சாதியைச் சொல்லி, "கோட்டாவில் வந்தவளுக்கு இதெல்லாம் எங்கே புரியப்போகிறது" என்கிற பேச்சு. வர மறுத்த பிறகு இரண்டாவது அதிகமானது.

துறைத் தலைவரிடம் சொன்னேன். அவர் உள் புகார்க் குழுவின் தலைவரிடம் அனுப்பினார். ஐ.சி.சி. என்று எல்லோரும் சொல்வது இந்தக் குழுவைத்தான். தலைவர் ஒரு மூத்த பேராசிரியை. "என் பொண்ணுக்கும் உன் வயசுதான்" என்று தொடங்கினார். புகார் என்று எழுதினால் தீசிஸ் நின்றுபோகும், கைடு மாற்றம் கேட்டு ஒரு கடிதம் கொடு, காரணம் 'சொந்தக் காரணங்களுக்காக' என்று போடு, மற்றதை நான் பேசிக்கொள்கிறேன் என்றார். புகாரை வாங்க வேண்டிய பொறுப்பில் இருப்பவரே சொன்னதால் அப்படியே எழுதிக் கொடுத்தேன்.

அதன் பிறகு எதுவும் நகரவில்லை. ஃபைல் ரிஜிஸ்ட்ரார் ஆபீசில் இருக்கிறது, அடுத்த மீட்டிங்கில் வைக்கிறோம், தேர்வு முடியட்டும் என்று பதில் மாறிக்கொண்டே இருந்தது. கடைசியில் முறையான புகாரைக் கையில் எடுத்துக்கொண்டு போனபோது இரண்டு பதில்கள் தயாராக இருந்தன. மூன்று மாதம் தாண்டிவிட்டது என்பது ஒன்று. சொந்தக் காரணம் என்று நீயே கையெழுத்துப் போட்டிருக்கிறாயே என்பது மற்றொன்று. அவர் சொல்லி நான் எழுதிய கடிதத்தையே எனக்கு எதிரான ஆதாரமாக எடுத்து வைத்தார்கள். எனக்கு நடந்ததிலேயே மன்னிக்க முடியாதது இதுதான் என்று நினைக்கிறேன்.

சட்டம் சொல்வது இதற்கு நேர் எதிர். பணியிடப் பாலியல் துன்புறுத்தல் சட்டம் 2013-லும், உயர்கல்வி நிறுவனங்களுக்கென்று பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி. கொண்டுவந்து 2016 மே மாதம் அறிவிக்கையான 2015-ஆம் ஆண்டு விதிமுறைகளிலும், ஒருவரால் எழுத்தில் புகார் தர முடியாவிட்டால் எழுதித் தருவதற்கு உதவ வேண்டியது குழுவின் கடமை. எழுதாதே என்று தடுக்கவோ, வேறு காரணம் எழுது என்று சொல்லவோ அவர்களுக்கு அதிகாரமே கிடையாது.

மூன்று மாதம் என்பது கடைசியாக நடந்த சம்பவத்திலிருந்து கணக்கு. தாமதத்துக்குத் தகுந்த காரணம் இருந்தால் குழு அதை எழுத்தில் பதிவு செய்து இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். அதற்கு மேல் கதவு மூடிவிடும். இது எவ்வளவு கடுமையானது என்பதற்கு ஒரு தீர்ப்பு இருக்கிறது. கொல்கத்தாவில் உள்ள தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் மீது அங்கே பணியாற்றிய பேராசிரியை 2023 டிசம்பரில் புகார் கொடுத்தார். கடைசிச் சம்பவம் அந்த ஆண்டு ஏப்ரலில் நடந்தது. அதற்குப் பிறகு தன்மேல் எடுக்கப்பட்ட நிர்வாக நடவடிக்கைகளும் அதன் தொடர்ச்சிதான் என்று அவர் வாதாடினார். 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. புகார் காலம் கடந்தது என்றே முடிவானது. அந்தத் தீர்ப்பைத் துணைவேந்தர் தன் பயோடேட்டாவில் குறிப்பிட வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. ஆனால் விசாரணை நடக்கவில்லையே! ஆகவே, பிறகு வந்த பழிவாங்கல்களையும் சேர்த்து நாள் கணக்குப் பார்ப்பார்கள் என்று நம்பி இருந்துவிடாதீர்கள். நேரடியான பாலியல் தொந்தரவு கடைசியாக என்றைக்கு நடந்ததோ, அந்தத் தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள்.

புகாரைக் கொடுக்கும்போது தபால் பிரிவில் கொடுத்து, உங்கள் நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். முத்திரை போட மறுத்தால் வாக்குவாதம் வேண்டாம். அன்றைக்கே ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள், அதையே மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். ஆதாரங்கள், சாட்சிகளின் பெயர்களோடு ஆறு பிரதிகள் தர வேண்டும் என்பது மத்திய விதி. இது தெரியாமல் போனால் பிரதி போதவில்லை என்று ஒரு நாளைக் கடத்துவார்கள். வாட்ஸ்அப் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டோம் என்று அசல் செய்தியை அழித்துவிடாதீர்கள். போனை மாற்றினாலும் பழைய போனை வைத்திருங்கள்.

சாதி விஷயத்துக்கு வருகிறேன். என் புகாரில் இரண்டையும் சேர்த்துத்தான் எழுதியிருந்தேன். "சாதி எங்கள் கமிட்டிக்கு வராது, அந்தப் பத்தியை எடுத்துவிட்டுக் கொடு" என்றார்கள். எடுத்துவிட்டால் அதை வேறு யார் விசாரிப்பார்கள் என்று கேட்டதற்குப் பதில் இல்லை. ஒருவேளை அந்தக் குழுவின் வரம்புக்குள் அது வராது என்பது சரியாகவே இருக்கலாம். ஆனால் வேறு இடம் இருக்கிறது என்று சொல்லியிருக்க வேண்டும். ஒவ்வொரு உயர்கல்வி நிறுவனத்திலும் சம வாய்ப்பு மையமும், பாகுபாட்டுப் புகார்களுக்கென்று ஓர் அதிகாரியும் இருக்க வேண்டும் என்று 2012-லேயே யு.ஜி.சி. விதி போட்டிருக்கிறது. சாதிப் பாகுபாட்டுப் புகார்களுக்கு நடுவே உயிரிழந்த மாணவர்களான ரோஹித் வெமுலா, பாயல் தத்வி இருவரின் தாயார்களும் 2019-இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனதே இந்த விதிகள் காகிதத்தோடு நின்றுவிட்டன என்பதற்காகத்தான். எங்கள் வளாகத்தில் அந்த அதிகாரி யார் என்று நான் கேட்ட அலுவலர்கள் யாருக்குமே தெரியவில்லை.

இரண்டையும் தனித்தனிப் புகாராக, ஒரே நாளில் கொடுங்கள். ஒவ்வொன்றிலும் மற்றதைக் கொடுத்த விவரத்தை ஒரு வரியில் குறிப்பிடுங்கள். சாதிப் பேச்சை யார் யார் கேட்டார்கள் என்பதையும் எழுதுங்கள். எஸ்.சி., எஸ்.டி. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில், மற்றவர்கள் பார்க்க, கேட்க நடந்ததா என்பது முக்கியமான கேள்வி. அந்தச் சட்டத்தில் போலீஸில் புகார் கொடுத்தால் முதல்கட்ட விசாரணை முடியட்டும் என்று சொல்லி எஃப்.ஐ.ஆர். போடாமல் இருக்க முடியாது; 18ஏ பிரிவு அதைத் தெளிவாகச் சொல்கிறது. 14566 என்ற உதவி எண்ணும் இருக்கிறது.

குழுவில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதையும் பாருங்கள். என் முதல் விசாரணையில் துறைத் தலைவரும் ஒரு நாற்காலியில் இருந்தார். துணைவேந்தர், ரிஜிஸ்ட்ரார், டீன், துறைத் தலைவர் ஆகியோர் இந்தக் குழுவில் உறுப்பினராக இருக்கவே கூடாது என்கிறது யு.ஜி.சி. விதி. வெளியிலிருந்து ஓர் உறுப்பினர் இருக்க வேண்டும். எனக்கு நடந்த அமர்வில் அவர் இல்லை. மாணவர் சம்பந்தப்பட்ட புகார் என்றால் தேர்ந்தெடுக்கப்பட்ட மூன்று மாணவப் பிரதிநிதிகளும் இருக்க வேண்டும். "சரி, யார் இருந்தால் என்ன, விசாரித்தால் போதும்" என்று விட்டுவிடாதீர்கள். நடைமுறையில் ஓட்டை இருந்தால் கடைசியில் அது எதிர்த்தரப்புக்குத்தான் உதவும். கோவா பல்கலைக்கழகத்தில் ஒரு துறைத் தலைவர் மீதான விசாரணையை 2009 மே மாதத்தில் சில நாட்களுக்குள் அவசரமாக முடித்தார்கள். அவருக்குப் போதிய வாய்ப்புத் தரவில்லை என்று சொல்லி 2023 மே மாதம் உச்ச நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்தது, விசாரணையைப் பழைய கட்டத்திலிருந்து மறுபடி தொடங்கச் சொன்னது. புகார் கொடுத்த மாணவிகள் அத்தனை வருஷம் கழித்து எந்த மனநிலையில் மீண்டும் சாட்சி சொல்ல வருவார்கள்?

இன்னொன்று, இடைக்கால நிவாரணம். இதை யாரும் தானாகச் சொல்ல மாட்டார்கள். விசாரணை முடியும்வரை அந்த ஆள் உங்கள் வேலையை மதிப்பிடவோ, தேர்வில் தலையிடவோ கூடாது என்று உத்தரவு கேட்கலாம். மூன்று மாதம் வரை விடுப்பும் கேட்கலாம். எழுத்தில் கேட்டால்தான் கிடைக்கும். நான் கேட்கும்வரை என் ஃபெல்லோஷிப் படிவத்திலும் முன்னேற்ற அறிக்கையிலும் அதே ஆளின் கையெழுத்துக்காகத்தான் அவர் அறை வாசலில் நிற்க வேண்டியிருந்தது.

நடுவில் சமரசத்துக்குக் கூப்பிடுவார்கள். புகார் கொடுத்தவர் கேட்டால் மட்டுமே சமரசம். பணம் வாங்கிக்கொண்டு முடிப்பதற்குச் சட்டத்தில் இடமில்லை. நிரூபிக்க முடியாவிட்டால் பொய்ப் புகார் என்று உன்மேலேயே நடவடிக்கை வரும் என்றும் என்னைப் பயமுறுத்தினார்கள். நிரூபிக்க முடியாமல் போனது மட்டுமே பொய்ப் புகார் ஆகாது என்று 2013 சட்டத்தின் 14-ஆவது பிரிவிலேயே எழுதியிருக்கிறது. அந்தப் பக்கத்தை பிரிண்ட் எடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், எனக்கு அது மிகவும் உதவியது.

ஐ.சி.சி. முடிவு சொல்லட்டும், அப்புறம் போலீஸுக்குப் போகலாம் என்பதும் தவறான அறிவுரை. இரண்டும் ஒரே சமயத்தில் நடக்கலாம். போலீஸ் புகாருக்கு உதவி கேட்டால் செய்து தருவது நிறுவனத்தின் கடமை. எஃப்.ஐ.ஆரில் உங்கள் விவரம் எப்படி எழுதப்படுகிறது என்று மட்டும் உடன் ஒருவரை வைத்துக்கொண்டு கவனியுங்கள். 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக மாணவி வழக்கில் எஃப்.ஐ.ஆரே வெளியில் கசிந்தது; சென்னை உயர் நீதிமன்றம் கண்டித்து, அவருக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு கொடுக்கச் சொல்ல வேண்டியிருந்தது.

என் விஷயத்தில், நிராகரிப்பை எழுத்தில் கொடுங்கள் என்று கேட்டபோதுதான் அவர்கள் தயங்கினார்கள். தாமதத்துக்குக் காரணம் குழுத் தலைவரின் அறிவுரைதான் என்று தேதிகளோடு எழுதி, கால நீட்டிப்புக் கேட்டு, மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கும் நகல் அனுப்பினேன். ஆறு மாதம் முடியாமல் இருந்ததால் ஏற்றுக்கொண்டார்கள். இப்போது வெளி உறுப்பினரோடு புதுக் குழு விசாரிக்கிறது. 90 நாட்களில் முடிக்க வேண்டும் என்பது சட்டம்.

ஆறு மாதமும் தாண்டிவிட்டது என்றால் சோர்ந்துவிடாதீர்கள். அந்தக் கெடு குழுவுக்கு மட்டும்தான், போலீஸுக்கு இல்லை. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 75-ஆவது பிரிவில் தொடுதல், பாலியல் இணக்கம் கேட்டல் போன்றவற்றுக்கு மூன்றாண்டு வரை தண்டனை இருப்பதால், நீதிமன்றம் எடுத்துக்கொள்ளவும் மூன்றாண்டு அவகாசம் உண்டு. வெறும் ஆபாசப் பேச்சு என்றால் ஓராண்டுதான். புகார் துணைவேந்தர் மீதே என்றால் உள் குழுவிடம் போகாமல் மாவட்டத்தின் உள்ளூர்ப் புகார்க் குழுவிடம் கொடுக்கலாம். அங்கேயும் மூன்று மாதக் கெடு உண்டு. எங்கே போவது என்றே தெரியாவிட்டால் பெண்கள் உதவி எண்ணான 181-க்குப் போன் செய்யுங்கள்.